ஹட்டனில் ஒரு மின்சாதனக் கடை: கீசருக்கு முழு மார்க், போனுக்குப் பாதி

நோர்வூட் பக்கம் ஏழு பேர்ச்சஸ் வீட்டில் இருக்கிறோம். தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து இங்கே குடிவந்தபோது பல்புக்கும் டிவிக்கும் போதுமான வயரிங்தான் இருந்தது. இப்போது மாமியாருக்கு மூட்டுவலி, மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரைத் தொட்டாலே கை விறைக்கிறது என்கிறார். எனக்கோ வீட்டிலிருந்தே கணக்கு வேலை. கரண்ட் போனால் வைஃபையும் போய்விடும். இரண்டுக்கும் வழி கேட்டு ஹட்டன் டவுனில் ஒரு கடைக்குப் போனோம். கடையின் பெயரை எழுதவில்லை. பெரும்பாலும் பாராட்டுதான், ஆனால் கடைசியில் கொஞ்சம் திட்டும் இருக்கிறது.

நான் கேட்டது 3.5 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஷவர், தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் மெஷின். கொழும்பில் இருக்கும் தம்பி அதைத்தான் வாங்கச் சொன்னான், விலையும் குறைவு. கவுண்டரில் இருந்த அண்ணன் பெட்டியை எடுக்கவே இல்லை. "டேங்க் எவ்வளவு உயரத்தில இருக்கு தங்கச்சி? மெயின் போர்ட்ல இருந்து தனி லைன் இருக்கா?" என்று ஆரம்பித்துவிட்டார். வாங்க வந்தவளை விசாரிக்கிறாரே என்று முதலில் எரிச்சல்தான். அப்புறம் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

நிமிடத்துக்கு மூன்று லீற்றர் ஓடினால் 3.5 கிலோவாட் மெஷின் தண்ணீரை ஏறக்குறைய 17 பாகைதான் சூடாக்கும். கொழும்பில் குழாய்த் தண்ணீரே 27 பாகை இருக்கும், ஆக 44, தாராளம். எங்கள் டேங்கில் தை மாதக் காலையில் 15 பாகை. மூன்று லீற்றர் விட்டால் 32தான் வரும். அதில் மாமியாரைக் குளிக்க வைக்க முடியாது. இரண்டு லீற்றராகக் குறைத்தால் 40 வரும், ஆனால் அது ஷவர் இல்லை, நூல் மாதிரி ஒழுகும். இன்னொன்று, டேங்க் ஷவருக்கு இரண்டு மீற்றர்தான் மேலே இருந்தால் அழுத்தம் 0.2 பார். பம்ப் இல்லாத பல மொடல்கள் அந்த அழுத்தத்தில் ஓன் ஆகவே ஆகாது. மூன்றாவது, 3,500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 15 அம்பியருக்கு மேல். 13 அம்பியர் பிளக்கில் போடவே கூடாது, தனி லைனும் பிரேக்கரும் வேண்டும்.

அதனால் அவர் சொன்னது தண்ணீரைத் தேக்கி வைத்துச் சூடாக்கும் 30 லீற்றர் ஸ்டோரேஜ் கீசர், 1.5 கிலோவாட். ஆறரை அம்பியர்தான் இழுக்கும். 15 பாகைத் தண்ணீரை 60க்குக் கொண்டுபோக ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும். பச்சைத் தண்ணீர் கலந்தால் வாளிக் குளியலுக்கு ஐம்பது லீற்றருக்கு மேல் தேறும், இரண்டு பேருக்குப் போதும். ஷவரை விட விலை கூடத்தான். ஆனாலும் இரண்டு நாள் யோசித்துவிட்டு வாங்கினோம். "யோசிச்சிட்டு வாங்க" என்று அவரே அனுப்பி வைத்திருந்தார்.

கரண்ட் பில்லையும் மறைக்கவில்லை. முழுச் சூட்டுக்கு ஒரு தடவை ஒன்றரை யூனிட். தினமும் போட்டால் மாதம் 45 யூனிட். மின்சார சபைக் கணக்கில் மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வரிசையே மாறிவிடும் என்பது பில் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். நாங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறோம். தேர்மோஸ்டாட்டை 50இல் வைத்திருக்கிறோம், மாமியாருக்கு அது தாராளம்.

பொருத்துவதற்குக் கடையே ஒரு வயரிங் பாஸை அனுப்பியது. சொன்ன நேரத்துக்கு வரவில்லை, பாதி நாள் காத்திருந்தோம். வந்த பிறகு வேலை சுத்தம். தண்ணீரும் பெட்டியுமாகக் கிட்டத்தட்ட 40 கிலோ சீமெந்துக் கல் சுவரில் தொங்கப்போகிறது, அந்தக் கல்லோ உள்ளே வெற்று; சாதாரண ஆணிக்கூட்டில் நிற்காது என்று சுவரை ஊடுருவி போல்ட் போட்டார். பிறகு, கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் டிரிப் சுவிட்ச்சின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்தார். அது விழவில்லை. புது 30 மில்லி அம்பியர் டிரிப் போட்டு, எர்த் கம்பியையும் சரிபார்த்த பிறகுதான் கீசருக்குக் கரண்ட் கொடுத்தார். குளியலறையில் கரண்ட் வைக்கிறவர்கள் அந்தப் பட்டனை இன்றைக்கே அழுத்திப் பாருங்கள்.

கரண்ட் போனாலும் வைஃபை நிற்காமலிருக்க ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் என்ற பற்றரிப் பெட்டி வாங்கினேன், ஏழாயிரத்துச் சொச்சம் ரூபா. மின்சாரத்துக்குத் தண்ணீர் தரும் காசல்ரீ, மவுஸாக்கலை நீர்த்தேக்கங்கள் பக்கத்திலேயே இருக்க, எங்களுக்குத்தான் கரண்ட் நின்றுபோகிறது. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. பெட்டியில் 10,400 எம்ஏஎச் என்று பெரிதாகப் போட்டிருக்கும், மயங்க வேண்டாம். அது 3.7 வோல்ட் பற்றரிக் கணக்கு, அதாவது 38 வாட் மணி. மாற்றத்தில் கொஞ்சம் வீணாகும். எட்டு வாட் ரவுட்டருக்கு நான்கு மணித்தியாலம் என்றார் அண்ணன். எனக்கு மூன்றரை கிடைக்கிறது. ரவுட்டர் அடப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று பார்த்து வாங்க வேண்டும். ஆனால் எங்களுடையது 4ஜி. நீண்ட வெட்டில் எதிர் மலையில் இருக்கும் டவரின் பற்றரியும் இறங்கிவிடும், அப்போது வீட்டில் யூபிஎஸ் வேலை செய்தும் பிரயோசனம் இல்லை. இதைக் கடையில் சொல்லவில்லை.

போன் கவுண்டர் வேறு உலகம். மாமியாருக்குப் பெரிய எழுத்தும் சத்தமான ஸ்பீக்கரும் உள்ள போன் கேட்டேன். பையன் கமராவைப் பற்றியே பேசினான். தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிந்த போனா என்றதற்கு "பிரச்சினை வராது அக்கா" என்றான். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயைக் கொடுங்கள், ஆணைக்குழுவின் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கிறேன் என்றதும் வேறு பெட்டியைத் தேடப் போய்விட்டான். வாங்காமல் வந்துவிட்டேன்.

போகிறவர்கள் மெயின் போர்ட், டேங்க், குளியலறைச் சுவர் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், அந்த அண்ணன் கேட்பார். 10ஆம் திகதி தோட்டச் சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிறு வேண்டாம். கடையில் நிற்க இடம் இருக்காது, அவருக்கும் கணக்குப் போட நேரம் இருக்காது.