87,500 ரூபாய் போய்விட்டது: ஒன்லைனில் ட்ரொலி ஜக் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து வாசிக்கவும்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும், வீட்டில் சின்னதாக ஒரு கராஜ் போடலாம் என்று சாமான் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்து கராஜ் சாமான் விற்கிற ஒரு கடை என்னிடம் 87,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டது. காசு போனது ஒரு பக்கம். அவர்கள் அனுப்பிய சாமானை நம்பி என் மகன் காருக்குக் கீழே படுத்திருப்பான். அதை நினைக்க நினைக்க இன்னும் கை நடுங்குகிறது. ஆறிய பிறகு எழுதலாம் என்று வீட்டில் சொன்னார்கள். ஆறுகிற மாதிரித் தெரியவில்லை, அதற்குள் இன்னொருவர் அங்கே காசு கட்டிவிடுவார்.

என்னிடம் இருப்பது அப்பா ஓடிய கே.ஈ. 70 கொரோலா, 4கே இன்ஜின். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தும் வரியோடு சேர்த்து வருகிற விலையை மாதச் சம்பளக்காரர் யாரும் கிட்டப் போய்ப் பார்க்க முடியாது. அதனால் இருக்கிற காரைக் காப்பாற்றுவதுதான் வழி. நல்லகாலம், இந்தக் காரில் கம்ப்யூட்டர் இல்லை. பிளக், பொயின்ட், கார்புரேட்டர், பிரேக் என்று பாதி வேலையை ஸ்பனர் செட் ஒன்றோடு வீட்டிலேயே செய்யலாம். நானும் மகனும் அப்படித்தான் செய்து வருகிறோம்.

ஆனால் கல்லடியில் கடலோரமாக இருக்கிறவர்களுக்குத் தெரியும், உப்புக்காற்று காரின் அடியைத்தான் முதலில் தின்னும். எங்கள் காரில் கதவுக்குக் கீழே, காரோடு வரும் சின்ன ஜக்கை வைக்கிற மடிப்பு உக்கிப் போய்விட்டது. அங்கே ஜக் வைத்தால் தகடு உள்ளே போகும், கார் எழும்பாது. பின்பக்கம் இந்தக் காருக்கு ஒரே கட்டையான அக்சில். நடுவில், இரண்டு பின் சில்லுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃப் பெட்டிக்குக் கீழே வைத்துத் தூக்கலாம். அதற்குச் சில்லில் உருட்டிக் கொண்டுபோய், கைபிடியைப் பம்ப் பண்ண உள்ளே இருக்கும் ஒயில் அழுத்தத்தால் தூக்குகிற ட்ரொலி ஜக் வேண்டும், தூக்கிய பிறகு தாங்க இரண்டு ஸ்டாண்ட் வேண்டும். அடியில் துருவைச் சுரண்டி ஊதித் துப்புரவாக்கிப் பெயின்ட் அடிக்க ஒரு கொம்பிரசரும் வேண்டும். ஆசைக்கு வாங்கவில்லை. இவை இல்லாமல் அந்தக் கார் இன்னும் இரண்டு மாரி தாங்காது.

அந்தப் பக்கத்தில் மூன்றையும் ஒரே பொதியாகப் போட்டிருந்தார்கள். மூன்று டொன் ஜக், ஒரு சோடி ஸ்டாண்ட், 50 லீற்றர் இரண்டரைக் குதிரைவலுக் கொம்பிரசர். வீட்டுக்கு அனுப்பும் செலவோடு 87,500 ரூபாய். அடிமட்ட விலை என்று சொல்ல முடியாது. கொழும்பில் பஞ்சிகாவத்தையில் விசாரித்த விலையை விடக் கொஞ்சம்தான் குறைவு. அதனாலேயே சந்தேகம் வரவில்லை.

முதலில் வட்ஸ்அப்பில் கேட்டேன். அந்த ஆள் உடனே வீடியோ அழைப்பு எடுத்தார். பின்னால் தட்டு நிறைய சாமான். ஒரு வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, அதே ஜக்கால் தூக்கி, கைபிடியை விட்டுவிட்டுத் தள்ளி நின்று காட்டினார். வேன் அசையவில்லை. நான் எங்கே என்று கேட்டார், கல்லடி என்றேன். குரலே மாறிவிட்டது. "அண்ணன், எனக்கும் சொந்தம் களுவாஞ்சிக்குடிப் பக்கம்தான். எங்கட ஊர் ஆக்களுக்கு நான் பொய் சொல்லி விக்கமாட்டன்" என்றார். மகன் பக்கத்தில் நின்று ஸ்டாண்டைப் பற்றிக் கேட்க, "தம்பி, இதுக்குக் கீழ ஒருத்தர் படுக்கப்போறார் எண்டு தெரிஞ்சுதான் நாங்க விக்கிறம்" என்றார். இந்த வசனத்தை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதைக் கேட்டுத்தான் நான் சரி என்றேன். கீழே படுக்கிறவனைப் பற்றி யோசிக்கிற வியாபாரி என்று நம்பினேன்.

பாரமான சாமானுக்குக் கூரியரில் காசு பிறகு எடுப்பதில்லை, முழுவதும் முதலே போட வேண்டும் என்றார். கணக்கு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, கடைக் கணக்கு மாற்றுகிறோம், இது மனைவியின் கணக்கு என்றார். 87,500 ரூபாயைப் போட்டேன். சீட்டைப் படம் எடுத்து அனுப்பியதும் கும்பிடுகிற கைப்படம் ஒன்று வந்தது.

சாமான் வந்தது. பெட்டி புதிது, பெயின்ட் பளபளப்பு. பில் இல்லை. வொரண்டி அட்டை இல்லை. கேட்டேன், "சிஸ்டம் டவுன் அண்ணன், நாளைக்கு அனுப்புறன்" என்றார்.

பின் பிரேக் ஷூ மாற்றுகிற வேலை இருந்தது. முன் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, டிஃப்புக்குக் கீழே ஜக்கை வைத்துத் தூக்கினோம். மகன் ஸ்டாண்டை எடுக்கத் திரும்பியபோதே கார் மெல்ல இறங்குகிறது. பம்ப் பண்ணினால் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. கீழே ஒயில் ஒரு சொட்டும் இல்லை. உடனே அழைத்தேன். "உள்ளுக்கு எயார் பிடிச்சிருக்கும், வால்வைத் திறந்து போட்டுட்டு பத்துத்தரம் பம்ப் பண்ணுங்க" என்றார். அது சரியான ஆலோசனைதான், புது ஜக்கில் காற்று இருப்பதுண்டு. அப்படியே செய்தோம். கொஞ்சம் நின்றது. ஸ்டாண்டுகளை அக்சிலுக்குக் கீழே கொடுத்து, ஜக்கை இறக்கிப் பாரத்தை ஸ்டாண்டில் வைத்தோம். சில்லைக் கழற்றினோம். கழற்றிய சில்லைக் காருக்குக் கீழே தள்ளி வைப்பது அப்பா பழக்கிய பழக்கம். மகன் கையை உள்ளே விட்டு ட்ரம்மை ஆட்டினான். டக் என்று ஒரு சத்தம். இடது ஸ்டாண்டின் கால் ஒன்று உள்பக்கமாக மடிந்தது. கார் சரிந்து வந்து அந்தச் சில்லின் மேல் உட்கார்ந்தது.

சில்லு அங்கே இருந்தது. அவன் கை தப்பியது. வேறொன்றும் சொல்ல எனக்கு வரவில்லை.

காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு நானா இருக்கிறார், வெல்டிங்கும் ஜக் திருத்துவதும் அவருடைய தொழில். மூன்றையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ஸ்டாண்டின் பெயின்டைச் சுரண்டினார். ஓரம் முழுக்க ஓட வேண்டிய வெல்டிங் அங்கங்கே பொட்டு வைத்த மாதிரி இருந்தது, இடைவெளியைப் பட்டி பூசி மறைத்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மற்ற ஸ்டாண்டை, மடியாததை, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். காலில் ஒன்று கழன்று நிலத்தில் விழுந்தது. ஜக்கைப் பிரித்தார். ஒயிலைத் திரும்ப விடாமல் அடைக்கிற குண்டு இருக்கும் இருக்கை சரியாகக் கடையப்படவில்லை, சீலும் கடினப்பட்டிருந்தது. ஒயில் வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே திரும்பிப் போகிறது. அதனால்தான் நிலத்தில் சொட்டு இல்லாமல் கார் இறங்கியது. "தம்பி, இதைப் புதுசெண்டு வித்தவன் ஒருநாளும் காருக்குக் கீழ படுத்திருக்கமாட்டான்" என்றார்.

கொம்பிரசர் இன்னொரு கதை. 50 லீற்றர் என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. தாங்கியை அளந்தோம். குறுக்கு 25 சென்ரிமீற்றர், நீளம் 50. ஆரை பன்னிரண்டரை, அதை அதாலேயே பெருக்கி, 3.14 ஆலும் நீளத்தாலும் பெருக்கி, ஆயிரத்தால் பிரித்தால் இருபத்திநாலரை லீற்றர். பாதிகூட இல்லை. மோட்டாரில் இருந்த இரண்டரைக் குதிரைவலு ஸ்டிக்கரை நானா நகத்தால் கிளப்பினார். கீழே வேறொரு தகடு, 550 வாட்ஸ். ஒரு குதிரைவலு 746 வாட்ஸ். அப்படியானால் இது முக்கால் குதிரைவலுக்கும் கொஞ்சம் குறைவு. தெரியாமல் நடந்த பிழை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஸ்டிக்கருக்கு மேல் ஸ்டிக்கரைக் கை வைத்துத்தான் ஒட்டியிருக்கிறார்கள்.

இதன் பிறகு நடந்ததுதான் என்னை எரிய வைக்கிறது. எல்லாவற்றையும் படம், வீடியோ எடுத்து அனுப்பினேன். நீலச் சரி விழுந்தது, பதில் இல்லை. அழைத்தால் "மீட்டிங்கில நிக்கிறன் அண்ணன்". அப்புறம் வேறொரு பெண் பேசினார், வொரண்டி அட்டையைக் காட்டச் சொன்னார். அவர்கள் தராத அட்டையை! பிறகு, கூரியர்காரர் போட்டு உடைத்திருப்பார், அவர்களிடம் கேளுங்கள் என்றார். கூரியர் கிளைக்குப் போனேன், பெட்டியில் நசுங்கல் ஒன்றும் இல்லை என்று அவர்கள் பதிவைக் காட்டினார்கள். அதைச் சொன்னதும் கதை மாறியது. "நீங்க ஓவர்லோட் பண்ணிட்டீங்க." மூன்று டொன் ஜக். என் கார் முழுவதும் ஒரு டொன் வராது, அதிலும் நான் தூக்கியது பின்பாதியை மட்டும். இதைச் சொன்னேன். "அண்ணன், நாங்க நூற்றுக்கணக்கில வித்திருக்கிறம், உங்களுக்கு மட்டும்தான் பிரச்சினை." கடைசியாக, சாமானை என் செலவில் கொழும்புக்கு அனுப்பினால் "பார்த்துச் சொல்லுவோம்" என்றார்கள். முகவரி கேட்டேன். அதோடு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்கள். மகனின் போனிலிருந்து அழைத்தேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். ஊர்க்காரன் என்று சொன்ன அதே ஆள்.

அவர்கள் பக்கத்தில் நடந்ததை எழுதினேன், கொஞ்ச நேரத்தில் அழித்துவிட்டார்கள். அதே பொதியை இப்போதும் விளம்பரம் போடுகிறார்கள், அதே வேன் வீடியோவோடு. அந்த வேனைத் தூக்கியது எந்த ஜக்கோ, எனக்கு வந்த ஜக் அல்ல.

87,500 ரூபாய். வீட்டில் அது எதற்கெல்லாம் ஒதுக்கியது என்று எழுதினால் அழுகை வரும், விடுங்கள்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் இருந்தேன். இப்போதைக்குக் கையோடு சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஜக்கும் ஸ்டாண்டும் நேரில் தொட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம். கொஞ்சம் கூடினாலும் நம் ஊரில் கடை வைத்திருப்பவரிடமே வாங்குங்கள், பிரச்சினை என்றால் போய் முன்னால் நிற்கலாம். ஸ்டாண்டில் வெல்டிங் ஓரம் முழுக்க ஓடுகிறதா என்று பாருங்கள், தடித்த பெயின்டை நம்பாதீர்கள். காரைத் தூக்கி ஓர் அடையாளம் வைத்து, ஒரு மணித்தியாலம் கழித்து இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள், அதுவரை யாரும் கிட்டப் போகக்கூடாது. எந்த ஜக் என்றாலும் ஜக்கை மட்டும் நம்பி உள்ளே போக வேண்டாம், கழற்றிய சில்லு எப்போதும் கீழே இருக்கட்டும். தனியாள் கணக்குக்குக் காசு போடச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 இல் அழைக்கலாம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தாமதிக்காதீர்கள். நான் எழுதிக் கொடுக்கிறேன், பொலிசிலும் பதிகிறேன். பில் இல்லாததால் வங்கிச் சீட்டும் கூரியர் சீட்டும்தான் என் கையில் உள்ள அத்தாட்சி.

இதே மாதிரிப் பொதி வாங்கிய வேறு யாரும் இருந்தால், கல்முனையோ அக்கரைப்பற்றோ ஏறாவூரோ, எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்து முறைப்பாடு கொடுப்போம். அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அவர்களோடு பேசிய வட்ஸ்அப்பைத் திறந்து எல்லாவற்றையும் இப்போதே ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே செய்திகள் ஒரு நாளில் தானாக அழிகிற மாதிரி மாற்றிவிட்டிருந்தார்கள். மகன் கண்டு சொன்னதால்தான் கடைசி நாட்களில் அவர்கள் எழுதியதாவது என்னிடம் மிஞ்சியிருக்கிறது.