ஏரிக்கரையில் ஆறு கோடை: அல்கான்குவின் பூங்காவும் எங்கள் ட்ரெய்லரும்

காரின் பின்னால் இழுத்துப்போகும் தங்கும் வண்டியான ட்ரெய்லரோடு முகாம் போன முதல் வருடம், ஏரியை ஒட்டிய இடம்தான் வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன். ட்ரெய்லர் கதவைத் திறந்தால் தண்ணீர் தெரிய வேண்டும் என்று அவ்வளவு ஆசை. இடமும் கிடைத்தது. அந்த மூன்று நாளில் நானும் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு காபி குடிக்கவில்லை. சின்னவனுக்கு அப்போது இரண்டரை வயது. கதவுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருபதடி கூட இல்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் யாராவது ஒருவர் அவன் பின்னாலேயே நின்றோம். இரண்டாம் நாள் இரவு ஏரியிலிருந்து அடித்த காற்றில், மடக்காமல் விட்டிருந்த பக்கவாட்டுக் கூரையின் கம்பி வளைந்துபோனது.

அதனால் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: தண்ணீரை ஒட்டிய இடத்தை விடுங்கள். இரண்டாவது, மூன்றாவது வரிசையில், குளியலறைக் கட்டிடத்துக்கு நூறு அடிக்குள் பாருங்கள். ஏரிக்கு ஐந்து நிமிடம் நடந்தால் போதும். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவை டார்ச்சோடு கழிப்பறைக்குக் கூட்டிப்போகிறபோதுதான் இதன் அருமை தெரியும்.

நாங்கள் இருப்பது கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், பிராம்ப்டனில். 22 அடி ட்ரெய்லரை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஆறு கோடை ஆகிறது. இதே மாகாணத்தின் கில்பேர், சாண்ட்பேங்ஸ் பூங்காக்களுக்கெல்லாம் போய்ப் பார்த்தாலும் திரும்பத் திரும்ப அல்கான்குவினுக்கே போகிறோம். 1893-ல் தொடங்கிய பூங்கா, ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீட்டர். அதன் தெற்குப் பகுதியை ஹைவே 60 சுமார் 56 கிலோமீட்டருக்கு ஊடறுத்துப் போகிறது. ட்ரெய்லர்காரர்களுக்குத் தோதான மியூ லேக், லேக் ஆஃப் டூ ரிவர்ஸ், பாக் லேக் முகாம்கள் இந்தச் சாலையை ஒட்டியே வருகின்றன. டூ ரிவர்ஸில் மணல் கரையும் கடையும் உண்டு. ஆனால் சாலைக்குப் பக்கத்து வரிசைகளில் வண்டிச் சத்தம் கேட்கும். தூக்கம் முக்கியம் என்றால் பாக் லேக்.

முன்பதிவு, நாம் போய்ச் சேரும் தேதிக்குச் சரியாக ஐந்து மாதம் முன்னால், காலை ஏழு மணிக்குத் திறக்கும். ஜூலை 10-க்குப் போக வேண்டுமானால் பிப்ரவரி 10 அன்று உட்கார வேண்டும். முந்தின நாளே மூன்று இட எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவுத் தளத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் படமும் விவரமும் இருக்கும். நீளம், தரை சமமா, மின்சாரம் 15 ஆம்பா 30 ஆம்பா என்று பார்த்துவிடுங்கள். 15 ஆம்ப் என்றால் மொத்தமே 1,800 வாட். ரைஸ் குக்கரும் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் பிரேக்கர் விழும்.

நாங்கள் எடுக்கிற இடங்களில் கிடைப்பது மின்சாரம் மட்டும்தான். தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் இணைப்பும் கிடையாது. வரும்போதே தொட்டியை நிரப்பிக்கொண்டு, போகும்போது கழிவுநீர்த் தொட்டிகளை டம்ப் ஸ்டேஷன் என்ற பொது இடத்தில் காலி செய்ய வேண்டும். நம் சமையலுக்கு இது பெரிய சோதனை. அரிசி களைவது, பருப்பு கழுவுவது, எண்ணெய்ப் பாத்திரம் தேய்ப்பது என்று சிங்க் தொட்டி இரண்டே நாளில் நிரம்பிவிட்டது. பொதுக் குழாயடியில் பாத்திரம் கழுவக் கூடாது. இப்போது வீட்டிலேயே அரிசி களைந்து உலர்த்திப் பையில் போட்டுக்கொள்கிறேன். தட்டை முதலில் பேப்பரால் துடைத்துவிட்டுத்தான் சிங்கில் போடுவது. நான்கு நாள் தாங்குகிறது.

டம்ப் ஸ்டேஷனில் கழிப்பறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும், சிங்க் தொட்டி அதற்குப் பின்தான். அந்த சோப்புத் தண்ணீர்தான் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். கையுறை இல்லாமல் தொடவே கூடாது. ஞாயிறு மதியம் அங்கே வரிசை நீளம். காலை எட்டு மணிக்கே கிளம்பிவிட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

இட்லி மாவைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே இரவுக் குளிரில் மாவு பொங்காது. வீட்டில் பொங்க வைத்துக் கூலர் பெட்டியில் எடுத்துப் போவதுதான் வழி. இரண்டாம் வருடம் அந்தக் கூலரை ஒரே ஒரு இரவு வெளியே மேசைக்கடியில் விட்டுவிட்டோம். காலையில் மூடி திறந்து கிடந்தது. மாவு டப்பாவுக்குள்ளிருந்து மேசைப் பலகை வரை ஐந்து ஐந்து விரலாக வெள்ளைத் தடம். ரக்கூன். அது கரடியாக இருந்திருந்தால் என்ற நினைப்பே எனக்கு அன்று முழுக்க வயிற்றைக் கலக்கியது. இங்கே கருங்கரடிகள் உண்டு. பல் பசை முதல் நல்லெண்ணெய் வரை வாசனை உள்ள எதுவும் வெளியிலோ கூடாரத்திலோ இருக்கக் கூடாது. காருக்குள் அல்லது ட்ரெய்லருக்குள் பூட்டி வையுங்கள்.

விறகை ஊரிலிருந்து ஏற்றிப்போகாதீர்கள். 2002-ல் விண்ட்ஸரில் தென்பட்ட மரகதச் சாம்பல்மரத் துளைப்பான் (எமரால்ட் ஆஷ் போரர்) என்ற வண்டு, இப்படி விறகோடு விறகாகப் பயணம் செய்துதான் ஊர் ஊராகச் சாம்பல் மரங்களைச் சாய்க்கிறது. பூங்காவிலேயே வாங்கலாம்.

தண்ணீர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. இந்தக் கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது. கயிறு கட்டிய பகுதிக்குள்ளும் தரை திடீரென்று இறங்கலாம். நீச்சல் தெரியாத பெரியவர்களும் சேர்ந்து லைஃப் ஜாக்கெட் போடுங்கள். காற்றடித்த மிதவைப் பொம்மைகளை நாங்கள் கொண்டுபோவதே இல்லை. கரையிலிருந்து வீசும் காற்று ஒரு குழந்தையை நடு ஏரிக்குத் தள்ளிவிட அதிக நேரம் ஆகாது.

ட்ரெய்லர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. உள்ளே மூலைகளில், கூரையும் சுவரும் சேரும் இடத்தில், விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் வேண்டவே வேண்டாம். எங்களுக்கு விற்றவர் கூரை மேல் புதிதாக சீலண்ட் (நீர் கசியாமல் அடைக்கும் பசை) பூசியிருந்தார். அதைப் பார்த்து நல்லாப் பராமரித்திருக்கிறார் என்று நம்பினோம். உள்ளே மரம் ஊறிப்போயிருந்தது முதல் மழையில்தான் தெரிந்தது. சரிசெய்ய 1,400 டாலர் ஆனது. இப்போது வருடத்துக்கு இரண்டு முறை நானே ஏணி போட்டு ஏறிப் பார்க்கிறேன்.

நான்காம் வருடம் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். முழங்கால் வலியால் ட்ரெய்லர் படி ஏறுவது கஷ்டம். கைப்பிடி வைத்த ஒரு ஸ்டூலை வாங்கிக் கீழே போட்டதும் தானாகவே ஏறி இறங்கினார். முதல் இரவு என்னை எழுப்பி, "ஏரிப் பக்கம் யாரோ அழறாங்கடி, போய்ப் பாரு" என்றார். லூன் என்ற நீர்ப்பறவையின் குரல். நம்ப மாட்டேன் என்றார். பர்ஸிலிருந்து கனடாவின் ஒரு டாலர் காசை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் அதிலிருந்த பறவையைக் காட்டினேன். காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தவர் விடியும்வரை படுக்கவில்லை.

எப்போது போகலாம் என்று பலர் கேட்கிறார்கள். மே கடைசியிலும் ஜூனிலும் கரும் ஈக்கள் காது மடலை ரத்தம் வரக் கடிக்கும், குழந்தைகளோடு வேண்டாம். ஜூலையில் கூட்டம். நாங்கள் ஆகஸ்ட் பதினைந்துக்கு மேல்தான் போகிறோம். கொசு குறைந்திருக்கும், தண்ணீர் சூடேறியிருக்கும். இரவில் மட்டும் கம்பளி வேண்டும், ஆளுக்கு இரண்டு.