சிஏ, 1ஏ1: இரு சேனல் பிளக்-இன்களின் உள்சுற்று

மின்சிக்னலைத் திரையில் அலையாகக் காட்டும் டெக்ட்ரானிக்ஸ் 540 வரிசை ஆசிலோஸ்கோப்புகளில் பொருந்தும் இரு சேனல் பிளக்-இன்களில் (செருகிக் கழற்றக்கூடிய உள்ளீட்டுப் பகுதிகளில்), 1950களின் சிஏ வகையையும் 1960களின் 1ஏ1 வகையையும் ஒப்பிடுவோர் வழக்கமாக அலைவரிசை அகலத்திலிருந்தே, அதாவது எவ்வளவு உயர்ந்த அதிர்வெண் வரை காட்ட முடியும் என்பதிலிருந்தே தொடங்குகின்றனர். உரிய மெயின்ஃபிரேமில் (பிளக்-இன் செருகப்படும் முதன்மைக் கருவியில்) சிஏ 24 மெகாஹெர்ட்ஸும் 1ஏ1 50 மெகாஹெர்ட்ஸும் தருகின்றன. ஆனால் என் பார்வையில் இவ்விரண்டையும் உண்மையில் பிரிப்பது, இரு சேனல்களையும் மாறிமாறித் திரைக்கு அனுப்பும் சேனல் மாற்றிக்கு முன்பிருந்தா பின்பிருந்தா டிரிகர் சிக்னல் (திரையில் கோடு வரையத் தொடங்கும் கணத்தைத் தீர்மானிக்கும் சிக்னல்) எடுக்கப்படுகிறது என்பதே.

சிஏவில் இரண்டு சேனல்களும் ஒன்றுசேர்ந்த பிறகே சிக்னல் மெயின்ஃபிரேமுக்குச் செல்கிறது. உள் டிரிகரும் அந்தக் கலவையிலிருந்தே கிடைக்கிறது. ஒரு ஸ்வீப்புக்கு (கற்றை திரையை ஒருமுறை கடப்பதற்கு) ஒரு சேனல் என மாறிவரும் ஆல்டர்நேட் முறையில் ஒவ்வொரு ஸ்வீப்பும் தன் சேனலின் சிக்னலைக் கொண்டே தொடங்குவதால், இரு அலைகளுக்கு இடையே உண்மையில் உள்ள கால இடைவெளி திரையில் மறைந்து, இரண்டும் ஒரே கணத்தில் நிகழ்ந்தவை போலத் தோன்றும். ஒரே ஸ்வீப்புக்குள் இரு சேனல்களையும் சிறு துண்டுகளாக மாறிமாறிக் காட்டும் சாப் முறையிலோ, சேனல்களுக்கிடையே தாவும் அந்தப் படிநிலையே டிரிகரை இயக்கிவிடக்கூடும். ஆகவே சிஏவைப் பயன்படுத்துபவர் ஒரு சிக்னலை நேரடியாக மெயின்ஃபிரேமின் டிரிகருக்குக் கொடுக்கும் வெளி டிரிகர் கேபிளை மறந்தால், திரை பொய் சொல்லும்; அதிலும் நம்பத்தகுந்த பொய்யாகவே சொல்லும்.

1ஏ1இல் முதல் சேனலின் சிக்னல் மாற்றிக்கு முன்பே பிரித்தெடுக்கப்பட்டு, முன்பலகையில் ஒரு பிஎன்சி (கேபிள் செருகும்) இணைப்பியிலும் கிடைக்கிறது. அதை டிரிகருக்குக் கொடுத்தால் இரு அலைகளும் ஒரே கால அளவுகோலில் நிற்கும். அதே வெளியீட்டை இரண்டாம் சேனலின் உள்ளீட்டில் இணைத்து, அலைவரிசை அகலத்தை விட்டுக்கொடுத்து, ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 500 மைக்ரோவோல்ட் வரை உணர்திறனை உயர்த்தவும் முடிகிறது.

மாற்றும் சுற்றும் கவனிக்கத்தக்கது. 1ஏ1இல் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு டையோடு வாயில் (சிக்னலை விடவோ தடுக்கவோ செய்யும் டையோடு சுற்று) உண்டு. திறந்த சேனலின் தொடர் டையோடுகள் கடத்த, மூடிய சேனலின் சிக்னல் மின்னோட்டத்தைப் பக்க டையோடுகள் திசைதிருப்பிவிடுகின்றன. கூட்டல் முறையில் இரு வாயில்களும் சேர்ந்து திறக்கும். ஒரு சேனலைத் தலைகீழாக்கினால் இரண்டின் வேறுபாடு கிடைக்கும். வேகமான டையோடுகளால் சாப் துண்டு, அதாவது ஒரு சேனல் ஒருமுறை காட்டப்படும் நேரம், ஏறத்தாழ 1 மைக்ரோவினாடியாகச் சுருங்கியது. வால்வுகளால் (வெற்றிடக் குழாய்களால்) ஆன சிஏவில் அது ஏறத்தாழ 5 மைக்ரோவினாடி. சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோவினாடி ஸ்வீப்பில் சிஏ, ஒரு சென்டிமீட்டரில் ஒரே ஒரு முழு மாற்றச் சுழற்சியைத்தான் அடக்கும் என்பதால், கோடு வெட்டுத்துண்டுகளாகத் தெரியும். 1ஏ1 அதே இடத்தில் ஐந்து சுழற்சிகளை அடக்கும். தாவும் கணத்தில் திரையின் எலக்ட்ரான் கற்றையை அணைக்கும் துடிப்பு இரண்டுக்கும் தேவை.

உள்ளீடு இரண்டிலும் 1 மெகாஓம்தான். வால்வு ரேடியோ, ஆடியோ வேலைகளுக்கு, வெப்பநிலை நிலைத்த பின் சிஏவே போதும். துடிப்புச் சுற்றுகளில் தாமதத்தை அளப்பவர், முன்பலகையின் அந்த ஒரு பிஎன்சிக்காகவே 1ஏ1ஐ எடுக்கலாம்.