வான்கோழி வேட்டையில் கரடியும் பூமாவும்: ஸ்ப்ரேயா, கைத்துப்பாக்கியா, மடியில் கிடக்கும் ஷாட்கன்னா?

கரடி உலவும் காட்டில் நடப்பவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை எல்லாமே ஒன்றுதான்: சத்தம் போட்டுக்கொண்டே போங்கள், கூட்டமாகப் போங்கள், நீங்கள் வருவது விலங்குக்குத் தெரியட்டும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வசந்தகால வான்கோழி வேட்டைக்குப் போகிறவர் செய்வது அத்தனையும் இதற்கு நேர்மாறு. விடியுமுன் இருட்டில் தனியாக நுழைகிறார். தலைமுதல் கால்வரை காட்டு நிற உடை, முகத்துக்கு வலை, கைக்கு உறை. மரத்தில் சாய்ந்து அசையாமல் உட்கார்ந்து, பெட்டைக் கோழி கூப்பிடுவது போலக் குரல் கொடுக்கிறார். அந்தக் குரல் சேவலுக்கு மட்டும் கேட்பதில்லை. கயோட்டி என்னும் சிறு ஓநாய், பாப்கேட் என்னும் காட்டுப்பூனை, மலைச்சிங்கம் எனப்படும் பூமா, கரடி எல்லாவற்றுக்கும் அது 'இங்கே இரை இருக்கிறது' என்ற தகவல்.

காலமும் தோதாக அமைந்துவிடுகிறது. மொன்டானாவில் வசந்தகாலப் பருவம் ஏப்ரல் 15 முதல் மே 31 வரை. கிரிஸ்லி எனப்படும் பழுப்புக் கரடிகளில் ஆண்கள் மார்ச்சிலேயே குகையை விட்டு வரத் தொடங்கும். குட்டி போட்ட தாய்க் கரடிகள் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வரும். எல்லாமே மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவை. வான்கோழி இருக்கும் காடுகளில் பெரும்பாலும் எதிர்ப்படுவது கருங்கரடியும் பூமாவும்தான். ஆனால் வடமேற்கு மொன்டானா போன்ற இடங்களில் கிரிஸ்லியையும் கணக்கில் வைத்தே போக வேண்டும்.

கையில் இருக்கும் துப்பாக்கி போதாதா?

போதாது. முதலில் இந்த நம்பிக்கையைத்தான் விட வேண்டும். வான்கோழி வேட்டைக்கு எடுத்துப்போவது ஷாட்கன், அதாவது ஒரே வெடியில் பல சிறு குண்டுகளைச் சிதறடிக்கும் துப்பாக்கி. அதன் 12 கேஜ் (குழல் அகலத்தின் அளவு) தோட்டாவில் இருப்பது 4, 5 அல்லது 6-ஆம் எண் ஈயப் பால்ரஸ். இப்போது பலர் 9-ஆம் எண் டங்ஸ்டன் போடுகிறார்கள். 5-ஆம் எண் குண்டின் குறுக்களவு சுமார் 3 மில்லிமீட்டர், 9-ஆம் எண்ணுடையது சுமார் 2. பறவையின் தலையிலும் கழுத்திலும் படுவதற்காகச் செய்யப்பட்டவை இவை. கரடியின் தோல், கொழுப்பு, தோள் தசை, எலும்பு எல்லாவற்றையும் கடந்து உள்ளுறுப்பை எட்டும் கனம் இவற்றுக்குக் கிடையாது. இன்னொரு சிக்கல் சோக், அதாவது குண்டுகள் அதிகம் சிதறாதபடி குழலின் வாயைக் குறுக்கும் அமைப்பு. வான்கோழி சோக் மிகவும் இறுக்கமானது. ஐந்து மீட்டர் தூரத்தில் குண்டுகள் ஒரு கைப்பிடி அகலத்துக்குக்கூட விரியாது. ஓடிவரும் விலங்கின் மீது அதைக் குறி தவறாமல் வைப்பது, ஒற்றைக் குண்டை வைப்பது போலவே கடினம்.

'அப்படியென்றால் பையில் இரண்டு ஸ்லக் (ஒற்றைப் பெருங்குண்டு) தோட்டா வைத்துக்கொள்கிறேன்' என்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். அவ்வளவு இறுக்கமான சோக் வழியாக முழு ஈயக் குண்டைச் சுட்டால் சோக்கும் குழலும் சேதமாகலாம், சுடுபவருக்கும் ஆபத்து. பல மாநிலங்களில் வான்கோழிப் பருவத்தில் குண்டின் அளவுக்கு உச்சவரம்பும் இருக்கிறது. ஸ்லக் வைத்திருப்பதே குற்றமாகலாம்.

ஸ்ப்ரேயும் கைத்துப்பாக்கியும்

உண்மையான போட்டி கரடி மீது பீச்சும் மிளகாய்ச் சத்து ஸ்ப்ரேக்கும் கைத்துப்பாக்கிக்கும்தான். கரடி ஆய்வாளர்களான டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரெரோ குழுவினர் அலாஸ்காவில் நடந்த நிகழ்வுகளைத் தொகுத்து இரண்டு ஆய்வுகள் வெளியிட்டார்கள். 2008-இல் வந்தது ஸ்ப்ரே பற்றியது: 83 நிகழ்வுகள், பழுப்புக் கரடிகளின் வேண்டாத நடத்தையை 92 சதவீதமும், கருங்கரடிகளுடையதை 90 சதவீதமும் ஸ்ப்ரே நிறுத்தியது. 2012-இல் வந்தது துப்பாக்கி பற்றியது: 269 நிகழ்வுகள், கைத்துப்பாக்கி 84 சதவீதம், நீளத் துப்பாக்கி 76 சதவீதம். இந்த எண்களை அப்படியே தராசில் வைக்கக் கூடாது. ஸ்ப்ரே தொகுப்பில் வெறும் ஆர்வத்தில் நெருங்கிய கரடிகளும் கணிசமாக இருந்தன. துப்பாக்கித் தொகுப்பில் மூர்க்கமான மோதல்கள் அதிகம். நமக்கு உதவும் தகவல் வேறொன்று: துப்பாக்கி வைத்திருந்தவர்களில் சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயம்பட்ட விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எடுக்க நேரம் இல்லாமல் போனது, குறி தவறியது, கரடி ஏற்கெனவே மிக நெருங்கியிருந்தது போன்றவைதான் தோல்விக்குக் காரணங்கள்.

உட்கார்ந்திருக்கும் வேட்டைக்காரருக்கு இந்தக் காரணங்கள் எல்லாமே பொருந்தும். கரடி மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். 30 மீட்டரை இரண்டே நொடியில் கடந்துவிடும். மடியில் ஷாட்கன், இடுப்பு உறை மரத்துக்கும் தொடைக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும், மேலே வேட்டை அங்கியின் வார்ப்பட்டை. இந்த நிலையில் 10 மில்லிமீட்டர் பிஸ்டலையோ .44 மேக்னம் ரிவால்வரையோ உருவி, கனமான வார்ப்பு ஈயக் குண்டைத் தலையளவு இலக்கில் பதிக்க, தொடர்ந்து பழகிய கை வேண்டும். ஸ்ப்ரேக்கு அந்தத் துல்லியம் தேவையில்லை. மேகம் போலப் பரவி வழியை மறித்தால் போதும்.

துப்பாக்கிக்கும் நியாயமான இடம் உண்டு. பலத்த எதிர்காற்றில், கொட்டும் மழையில் ஸ்ப்ரே தடுமாறும், துப்பாக்கி தடுமாறாது. நன்கு பழகியவர் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றுதான் என்றால் ஸ்ப்ரேயே. சட்டத்தையும் நினைவில் வையுங்கள்: அலாஸ்கா தவிர்த்த, ஒன்றையொன்று ஒட்டிய அமெரிக்க மாநிலங்களில் கிரிஸ்லி 1975 முதல் கூட்டரசுச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. தற்காப்புக்காகக் கொன்றாலும் அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும், விசாரணை நடக்கும்.

வாங்கும்போது 'கரடிக்கு' என்று பதிவு பெற்ற குப்பியாகப் பாருங்கள்: கேப்சைசின் வகைப் பொருள்கள் 1 முதல் 2 சதவீதம், குறைந்தது 225 கிராம், ஆறு நொடிக்குக் குறையாத பீச்சல், ஏழரை மீட்டருக்குக் குறையாத வீச்சு. கைப்பையில் வைக்கும் பெப்பர் ஸ்ப்ரே இதற்கு மாற்றாகாது. காலாவதித் தேதி தாண்டியிருந்தால் அழுத்தம் குறைந்திருக்கும். உறைபனி விடியலிலும் அழுத்தம் குறையும். இரவில் தூக்கப் பைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். குப்பியை மார்பில், அங்கி வாருக்கு மேலே மாட்டுங்கள். உட்கார்ந்த நிலையில், கையுறையோடு, பார்க்காமலேயே கட்டைவிரலால் பாதுகாப்புக் கொண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பழகுங்கள். பயிற்சிக்கு மிளகாய்ச் சத்து இல்லாத வெற்றுக் குப்பி தனியாகக் கிடைக்கிறது. பாய்ந்துவரும் விலங்கு 10 முதல் 18 மீட்டருக்குள் வரும்போது, சற்றுத் தாழ்த்தி, இரண்டு நொடி பீச்ச வேண்டும். மொத்தமும் ஏழெட்டு நொடிதான். ஒரே மூச்சில் காலி செய்தால் இரண்டாவது பாய்ச்சலுக்கு ஒன்றும் மிஞ்சாது. அடித்த இடத்திலேயே மறுபடி உட்கார வேண்டாம். காய்ந்த எச்சத்தின் வாசனை கரடியை ஈர்க்கும். கூடாரத்தைச் சுற்றி அடித்து வைப்பதும் அதே தவறு.

மரமா, மறைப்புக் கூடாரமா?

தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்ப்பதே நல்லது. பின்னாலிருந்து பூமா பாய்வதையும் பிற வேட்டைக்காரரின் குண்டையும் ஒன்றாகத் தடுக்கும். துணிக்கூடாரம் வெயிலுக்கும் சிறுவர்களுக்கும் வசதி. ஆனால் பக்கவாட்டில் இரண்டு மீட்டரில் நிற்கும் கரடிகூட உள்ளே தெரியாது, வெளியேற ஜிப்பைத் திறக்க வேண்டும், உள்ளே ஸ்ப்ரே அடித்தால் கண்ணெரிந்து விழுவது நீங்கள். கிரிஸ்லி நாட்டில் அது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

பொம்மைக் கோழி வைப்பதா வேண்டாமா என்பதில் பலர் தயங்குகிறார்கள். வைப்பதே மேல். பொம்மை இல்லையென்றால் வரும் விலங்கு தேடுவது குரல் வந்த இடத்தை, அதாவது உங்களை. 15, 20 மீட்டர் முன்னால், திறந்த வெளியில் பொம்மை நின்றால் விலங்கின் பார்வை அங்கே போகும்; நீங்கள் அதை முதலில் பார்ப்பீர்கள்.

பார்த்தவுடன் கூப்பிடுவதை நிறுத்தி, உரத்த மனிதக் குரலில் பேசுங்கள், முகவலையைக் கீழே இழுங்கள், பிறகு மெதுவாக எழுந்து நில்லுங்கள். கோழி என்று நினைத்து வந்தது மனிதன் என்று தெரிந்ததும் பெரும்பாலும் விலகிவிடும். ஓடக் கூடாது. பூமாவோ கருங்கரடியோ தாக்கத் தொடங்கிவிட்டால், துப்பாக்கிக் கட்டையோ கல்லோ, எது கிடைத்தாலும் முகத்தில் அடித்துப் போராட வேண்டும். பூமா கழுத்தைத்தான் தேடும். குட்டியைக் காக்கப் பாய்ந்த கிரிஸ்லி ஸ்ப்ரேயையும் தாண்டி உங்களைத் தொட்டுவிட்டால் குப்புறப் படுத்து, கால்களை அகட்டி, பின்னங்கழுத்தைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். முதுகுப் பையைக் கழற்ற வேண்டாம். கரடி விடாமல் கடித்துக்கொண்டே இருந்தால் அப்போது போராட வேண்டும்.

சுட்ட பிறகும் கவனம் தேவை. சேவல் சிறகடித்துத் துடிக்கும் சத்தம் வெகுதூரம் கேட்கும். பறவையை எடுத்ததும் ஆரஞ்சு நிறப் பையில் போட்டு, அங்கேயே வயிற்றைக் கிழிக்காமல் கிளம்புங்கள். முகாமில் தங்குவதானால் இறைச்சியைக் கூடாரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து குறைந்தது 3 மீட்டர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து ஒன்றேகால் மீட்டர் விலகித் தொங்கும்படி கட்டுங்கள். விமானத்தில் வருகிறவர்கள் ஸ்ப்ரேயை எந்தப் பெட்டியிலும் கொண்டுவர முடியாது. இறங்கிய ஊரில் வாங்கிக்கொள்ள வேண்டும், திரும்பும்போது அங்கேயே விட்டுவர வேண்டும்.