ஏழு வருஷப் பழக்கத்துக்குப் பிறகு: ஊசி நாளில் என் ஆள் எப்படி?

பக்கத்து வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்திருக்கிறது. பிறந்து எட்டு வாரம்தான் ஆகிறது. தடுப்பூசி இன்னும் போடவில்லை என்று வெளியே விடமாட்டேன் என்கிறார்கள். கேட்டுக்கு அடியில் இருக்கும் சந்தில் மூக்கை மட்டும் நீட்டும். நேற்று சாயங்காலம் கேட்டது: "அண்ணே, ஊசி போடப் போற அன்னிக்கு உங்க ஆள் எப்படி இருப்பாரு?" சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

என்னை வளர்ப்பவர்தான் என் ஆள். அவர் நடை கூட்டிப்போவது, சோறு வைப்பது, தலை தடவுவது பற்றியெல்லாம் சொல்லத் தேவையில்லை. அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மழையில்கூட ஒருநாள் நடை தவறியதில்லை.

குறை ஒன்றே ஒன்று. வருஷத்துக்கு ஒருநாள்தான் தலைகாட்டும். ஏழு வருஷமாகியும் சரியாகவில்லை.

முந்தின ராத்திரியே ஆரம்பித்துவிடும். மேஜை டிராயரைத் திறந்து என் தடுப்பூசி அட்டையை எடுப்பார், தேதியைப் பார்ப்பார், வைப்பார், மறுபடி எடுப்பார். அப்போதே உள்ளங்கை வியர்த்திருக்கும். வெயிலில் வரும் வியர்வை வேறு, இது வேறு. இது துருப்பிடித்த இரும்பு மாதிரி மூக்கில் குத்தும். காலையில் குரல் குழையும். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா செல்லம்." நான் எதுவுமே கேட்கவில்லையே! ஒன்றுமில்லை என்று பத்து தடவை சொன்னால், ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அப்புறம் கயிறு. மற்ற நாளெல்லாம் எங்கள் இருவருக்கும் நடுவில் தளர்ந்து தொங்கும். அன்றைக்கு மட்டும் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வார். அவர் மணிக்கட்டில் அடிக்கும் துடிப்பு கயிறு வழியாக என் கழுத்துக்கு வந்துவிடும். ஆஸ்பத்திரி வாசலை நாங்கள் தாண்டும்போது எனக்கு மூச்சு இரைக்கும். என் பயம் இல்லை அது. கயிற்றில் இறங்கி வந்தது.

ஊசியைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. மருத்துவர் இரண்டு தோளுக்கும் நடுவில் தோலை லேசாகத் தூக்கி, அதற்கடியில் போடுகிறார். ஈ கடித்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய் மூலமாகத்தான் வருகிறது என்று அந்த அறையில் ஒருதடவை சொன்னார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து ஊசிக்கு நான் முதுகைச் சிலிர்த்ததில்லை.

என்னைக் கலங்கடிப்பது அவர் கை. வழுக்கும் இரும்பு மேஜைமேல் என்னை நிறுத்தி, கழுத்தைச் சுற்றி இறுக்கி, கண்ணை மூடிக்கொள்வார். மூன்றாவது வருஷம் அந்த இறுக்கத்தில் மருத்துவரைப் பார்த்து உறுமிவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. அட்டையின் மூலையில் சிவப்பு மையில் 'கவனம்' என்று எழுதினார்கள். அன்றிலிருந்து ஊசி நாளில் எனக்கு வாய்ப்பூட்டு. அந்த உறுமல் அவருடையது. தொண்டை மட்டும்தான் என்னுடையது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மருத்துவருக்குப் புரிந்திருந்தது. "சார், நீங்க பதறினா அதுக்கு மூக்குலயே தெரிஞ்சிடும்" என்றார். 2022-இல் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையையும் சொன்னார். ஆட்களை 9000-லிருந்து பதினேழு பதினேழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்களாம். கழிப்பதற்கு முன்னும் பின்னும் அவர்கள் வியர்வையையும் மூச்சையும் பிடித்து நான்கு நாய்களிடம் கொடுத்தால், பதற்றப்பட்டது எது என்று நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று தடவைக்கு மேல் சரியாகக் காட்டியிருக்கின்றன. கழித்தல் கணக்குக்கே இப்படி என்றால், இவர் ராத்திரி முழுக்க உருண்டு புரண்டது எனக்குத் தெரியாமல் போகுமா? அடுத்த வருஷம் மூச்சை நிதானமாக விட்டுப் பார்த்தார். வாசனை அப்படியேதான் இருந்தது.

இவருக்கு ஊசி என்றாலே பயம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது தப்பு என்று இந்த வருஷம்தான் தெரிந்தது.

ஒரு நடையின்போது வேறொரு நாய் என்மேல் பாய்ந்தது. இவர் குறுக்கே கையைக் கொடுத்தார். மணிக்கட்டில் பல் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினார், உடனே கிளம்பிப் போனார். கடிபட்ட அன்றைக்கு ஒன்று, பிறகு 3, 7, 14, 28-ஆம் நாட்களில் ஒவ்வொன்று, மொத்தம் ஐந்து ஊசி. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்ததும் அவர் மேல்கையை மோந்து பார்த்தேன். மருந்து வாசனை இருந்தது, பஞ்சு வாசனை இருந்தது. துரு வாசனை மட்டும் இல்லை. மூன்றாவது ஊசிக்குப் பாட்டு முனகிக்கொண்டே செருப்பை மாட்டினார்.

ஐந்து ஊசிக்கு இல்லாதது, என்னுடைய ஒரே ஊசிக்கு முந்தின ராத்திரியே வந்துவிடுகிறது.

போன வாரம் எனக்கு இந்த வருஷத்து ஊசி. அதே கயிறு, அதே இறுக்கம், அதே வாய்ப்பூட்டு. எப்போதாவது ஒரு நாய்க்கு ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கலாம், வாந்தி வரலாம் என்று சொல்லி, ஊசி போட்டபின் அரைமணி நேரம் இருக்கச் சொல்வார்கள். அந்த அரைமணி நேரத்தைப் பற்றிக் குட்டிக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். நாற்காலி காலியாக இருந்தாலும் இவர் உட்காரமாட்டார். தரையில், என் பக்கத்தில், என் உயரத்துக்கு உட்காருவார். வாய்ப்பூட்டைக் கழற்றி, உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்ப்பார். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும் பார்ப்பார். அவர் நெஞ்சில் காதை வைத்துக்கொள்வேன். முதலில் தடதடவென்று அடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். அது அடங்க அடங்க எனக்கும் இரைப்பு நிற்கும். வருஷத்தில் மற்ற நாட்களில் எங்களுக்கு இப்படி ஓர் அரைமணி நேரம் வாய்ப்பதில்லை.

நாலாவது வருஷம் இவர் ஊரில் இல்லாததால் இவர் தம்பி கூட்டிப்போனார். கயிறு தளர்வாக இருந்தது, ஊசி நொடியில் முடிந்தது. காத்திருந்த நேரம் முழுக்க அவர் போனைப் பார்த்தார், நான் வாசலைப் பார்த்தேன்.

தீர்ப்பு என்று கேட்டால், ஊசி நாளுக்கு இவர் சரிப்பட்டு வரமாட்டார். அந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுப்பதுதான் நல்லது. இன்றைக்கு மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன். வாய்ப்பூட்டு அழுத்திய இடம் மூக்கின்மேல் இன்னும் தொட்டால் வலிக்கிறது. ஆனாலும் அடுத்த வருஷம் தம்பி வந்து கயிற்றை எடுத்தால், கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன்.

குட்டிக்கு நாளைக் காலை முதல் ஊசி. பதினாறு வாரம் ஆகும்வரை சில வாரத்துக்கு ஒன்று இருக்கும். இதெல்லாம் சொல்லலாம் என்று இப்போது கேட்டுக்குப் போனேன். அது நிம்மதியாகத் தூங்குகிறது. சந்து வழியாகத் துரு வாசனை வந்தது. வீட்டுக்குள் யாரோ மேஜை டிராயரை மறுபடி மறுபடி திறந்து மூடுகிறார்கள்.