சீரியல் நம்பர் இல்லாத மைக்கும் கருகிப்போன சப்பும்

திருகோணமலையில் கார் சவுண்ட் ட்யூன் பண்ணுகிற ஆக்கள், அளக்கிற மைக் வாங்க யோசித்தால் முதலில் இதை வாசியுங்கோ. 38,000 ரூபா கொடுத்து நான் பட்ட பாடு இது.

மச்சானின் வேகன் ஆருக்கு ஒரு அம்பும் (அம்ப்ளிஃபையர்) 12 இஞ்சி சப்பும் (பாஸுக்கான சப்வூஃபர் ஸ்பீக்கர்) போட்டோம். இவ்வளவு நாளும் காதால் கேட்டுத்தான் செட் பண்ணினேன். இந்த முறை அளந்தே செய்வோம் என்று, யூமிக்-1 என்கிற, சத்தம் அளக்கிற யூஎஸ்பி மைக்கைக் கேட்டு டவுனில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் பெயரே இல்லாத ஒரு யூஎஸ்பி மைக்கை எடுத்து நீட்டினார். "தம்பி, அதே சாமான்தான், பெயர் மட்டும் அடிக்கேல்லை. கலிப்ரேஷன் ஃபைல் வாட்ஸ்அப்பில அனுப்பிவிடுறன்." மைக்கின் சொந்தப் பிழையை சொஃப்ட்வேரில் திருத்துகிற ஃபைல் அது.

ட்ரைவரின் தலை வரும் இடத்தில் மைக்கைக் கட்டி, பிங்க் நொய்ஸ் (அளக்கப் பாவிக்கிற இரைச்சல்) ஓடவிட்டு லப்டொப்பில் பார்த்தேன். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே, பாஸ் பக்கம், கிராஃப் கோடு பள்ளத்தில் கிடந்தது. ஈக்யூவில் (ஈக்வலைசர்) அந்தப் பகுதியை 9 டெசிபெல் ஏற்றினேன், கோடு நேராகிவிட்டது. பாஸ் கூடிப்போச்சு என்று காது சொன்னதுதான். நான் லப்டொப்பை நம்பினேன்.

மூன்றாம் நாள் நிலாவெளி ரோட்டில் சப் செத்தது. கிட்டப் போய் மணந்தால் கருகின வாசம், கோனை விரலால் அமுக்கினால் உள்ளே சரசரவென்று உரசுகிறது. 9 டெசிபெல் என்றால் கிட்டத்தட்ட 8 மடங்கு பவர். 50 வாட்ஸ் போன இடத்தில் 400 வாட்ஸ் கேட்டிருக்கிறேன். அம்பில் அவ்வளவு இல்லை, கிளிப் பண்ணிப் பண்ணியே (அலையின் உச்சியை வெட்டி வெட்டியே) சப்பின் கொயிலை எரித்துவிட்டது. மச்சான் இன்னும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

உப்புவெளியில் ஒரு சிநேகிதனிடம் உண்மையான யூமிக்-1 இருக்கிறது. இரண்டு மைக்கின் நுனியையும் ஒட்டி வைத்து, அதே சத்தத்தை அளந்தோம். 1000 ஹேர்ட்ஸில் இரண்டும் ஒன்று. 40 ஹேர்ட்ஸில் என்னுடையது 9 டெசிபெல் கீழே! பள்ளம் காரில் இல்லை, மைக்கில்.

கடைக்காரர் அனுப்பின ஃபைலை நோட்பேடில் திறந்தோம். முதல் வரியிலேயே ஒரு சீரியல் நம்பர். என் மைக்கை உருட்டி உருட்டிப் பார்த்தோம், உடம்பில் ஒரு எழுத்தும் இல்லை. யாரோ வாங்கின வேறொரு மைக்கின் ஃபைல் அது. யூமிக்-1க்கு ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாக அளந்துதான் ஃபைல் போடுகிறார்கள். அதை அந்த மைக்கின் நம்பரைக் கொடுத்துத்தான் கம்பனியின் தளத்தில் இறக்க வேண்டும்.

அதே கடையில் எடுத்த வோல்ட் மீற்றரிலும் 'ட்ரூ ஆர்எம்எஸ்' (எந்த வடிவ அலையையும் சரியாக அளக்கும்) என்று பெரிதாக அச்சடித்திருக்கு. 10 வோல்ட் சதுர அலை கொடுத்தால் 10 காட்டாமல் 11.1 காட்டுது, அதாவது சைன் அலைக்கு மட்டும் சரிவருகிற சாதாரண மீற்றர். 50 ஹேர்ட்ஸ் சைன் டோனில் அம்பின் கெயின் செட் பண்ண அதுவே போதும். எரிச்சல் என்னவென்றால் இல்லாத சாமானுக்குக் கூடுதல் காசு கொடுத்தது. கிளிப் தொடங்குகிற இடத்தைக் கண்ணால் பார்க்க, அலையை வரைந்து காட்டுகிற ஸ்கோப்தான் வேண்டும்.

மைக்கைக் கடைக்குத் திரும்பக் கொண்டுபோனேன். "சொஃப்ட்வேரில பிழை தம்பி" என்றார். காசு தர முடியாதாம், அந்த விலைக்கு ஸ்பீக்கர் வயர் எடுக்கலாமாம். பில்லிலும் 'மைக் 1' என்று மட்டும்தான் எழுதியிருந்தது.

வாங்குகிறவர்கள் மைக்கின் நம்பரைப் போட்டு, கடையில் நிற்கும்போதே போனில் ஃபைலை இறக்கிப் பாருங்கோ. வராவிட்டால் காசைக் கொடுக்க வேண்டாம். என்னுடைய மைக் இப்போது மகளின் ஸூம் வகுப்புக்கு ஓடுகிறது. அவளின் குரல் நல்ல தெளிவாம்.