தொடருக்கு வசனம் எழுதப் போகிறவர்களே, மூன்றாம் பக்கத்தைப் படியுங்கள்

சின்னத்திரைத் தொடருக்கு வசனம் எழுத உங்களை யாராவது அழைத்திருந்தால், முன்பணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் ஒப்பந்தத்தை வாங்கி, ‘ஒளிபரப்பான’ என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். என் ஒப்பந்தத்தில் அது மூன்றாம் பக்கத்தில் இருந்தது: ‘ஒளிபரப்பான ஒவ்வொரு எபிசோடுக்கும் ரூ.3,000’. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். எழுதினால் ஒளிபரப்பாகத்தானே போகிறது என்று நினைத்தேன். பதினைந்து வருடம் பத்திரிகைகளில் கதை எழுதியவனுக்கு ஒரு பெயரெச்சம் செய்யக்கூடிய வேலை தெரியவில்லை.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வழக்கறிஞர் வேண்டாம் என்றார். தவிர, பெயரைச் சொன்னால் அந்த ஓர் அலுவலகத்தை மட்டும் தவிர்த்துவிட்டு, அடுத்த தெருவில் அதே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவீர்கள்.

வெளியில் இருப்பவர்களுக்காக வேலை நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு ஆறு எபிசோடு. விளம்பரம் போக ஒவ்வொன்றும் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட, ஏழெட்டுக் காட்சிகள். கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் நான். இரவு ஒன்பது மணிக்கு சீன் ஆர்டர், அதாவது மறுநாள் எடுக்கப்போகும் காட்சிகளின் பட்டியல், வரும். காலை ஏழு மணிக்கு வளசரவாக்கத்து வாடகை வீட்டில் நடிகர்கள் மேக்கப் போட்டு உட்காரும்போது வசனம் அங்கே இருக்க வேண்டும். வியாழக்கிழமை டிஆர்பி வரும். புள்ளி இறங்கியிருந்தால் சேனலிலிருந்து தொலைபேசி வரும். அதுவரை எழுதிக் கொடுத்திருந்த மூன்று எபிசோடு மதியத்துக்குள் குப்பைக் காகிதம்.

மாமியாருக்கு மருமகள் நஞ்சு கொடுக்கும் காட்சி ஒன்று. முதலில் பாலில் என்றார்கள், எழுதினேன். பால் பழைய சங்கதி, ரசத்தில் வைக்கலாம் என்றது சேனல். ரசம் என்றால் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவார்களே, மாமியார் மட்டும் எப்படிச் சாவார் என்று கேட்டேன். யோசித்துவிட்டுப் பாயசம் என்றார்கள். பாயசம் வைக்க வீட்டில் விசேஷம் வேண்டும். விசேஷம் என்றால் விருந்தாளிகள் வேண்டும். விருந்தாளிகள் வந்தால் பேச வேண்டும். ஒரு தம்ளர் பாலில் முடிந்திருக்க வேண்டியதை மூன்று எபிசோடாக, மூன்று தடவை எழுதினேன். கடைசியில் மாமியாராக நடித்தவருக்குச் சினிமா வாய்ப்பு வந்து விலகிவிட்டார். பாயசமும் போயிற்று. எதுவும் ஒளிபரப்பாகவில்லை, எனவே எதற்கும் பணம் இல்லை. மூன்றாம் பக்கத்தைக் காட்டினார்கள்.

எட்டு மாதத்தில் நான் எழுதிக் கொடுத்தவை 143 எபிசோடு. பணம் வந்தது 81-க்கு. மீதி 62-இல் 24 ஒளிபரப்பாகாதவை. 38 ஒளிபரப்பாகியும் பணம் வராதவை, ஏனென்றால் அதே பக்கத்தில் அடுத்த வரி, ‘சேனலிடமிருந்து தொகை கிடைத்த அறுபது நாட்களுக்குள்’ என்று சொன்னது. சேனலிடமிருந்து எப்போது கிடைத்தது என்பது அவர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். மொத்தம் ரூ.1,86,000.

கேட்கப் போனால் தயாரிப்பு நிர்வாகி மிகவும் மரியாதையாகப் பேசுவார். “அண்ணா, நீங்கள் வந்து நிற்கலாமா? ஒரு போன் போட்டால் போதாதா?” என்பார். போன் போட்டால் எடுக்க மாட்டார். அதே தளத்தில் லைட் தூக்குகிறவருக்கு அன்றைய பேட்டா அன்று மாலையே கைக்கு வந்துவிடுகிறது. கொடுக்காவிட்டால் மறுநாள் விளக்கு எரியாது. வசனகர்த்தா வரவில்லை என்றால் இன்னொருவர் எழுதுவார், அவ்வளவுதான். இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. 2007 நவம்பர் 5 முதல் 2008 பிப்ரவரி 12 வரை நூறு நாள் அமெரிக்கத் திரை, தொலைக்காட்சி எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, இரவு நேர உரையாடல் நிகழ்ச்சிகள் முதல் நாளே மறுஒளிபரப்புக்குப் போயின. பகல் நேரத் தொடர்களோ பெரும்பாலும் புதிய எபிசோடுகளுடன் ஓடிக்கொண்டிருந்தன. சங்கத்துக்கு வெளியே இருந்தவர்களும், சங்கத்தை விட்டு ஒதுங்கிக்கொண்டவர்களும் எழுதிக் கொடுத்தார்கள். தினத்தொடரின் வயிறு யார் சமைத்தது என்று கேட்காது.

எனக்குப் பதிலாக வந்தவரை நான் சாலிகிராமத்தில் ஒரு டீக்கடையில் சந்தித்தேன். என் பாட்டி சொல்லும் ஒரு வாக்கியம், ‘கரைந்த உப்பைத் தேடிக் கையை விடாதே’, நான் எழுதிப் படமாகாத ஒரு காட்சியில் இருந்தது. நான் விலகி நான்கு மாதம் கழித்து அது திரையில் வந்தது. காட்சி முழுவதும் என்னுடையது. பெயர் அட்டையில் ‘வசனம்’ என்று அந்தப் பையனின் பெயர். சண்டை போடும் எண்ணத்தில்தான் போனேன். முதல் மாதம் பழகும் காலம் என்று சொல்லி அவனுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை என்று தெரிந்தபோது டீக்கு நானே காசு கொடுத்துவிட்டு வந்தேன். பழைய பேப்பரில் இருந்து எடுத்து நிரப்பு என்று ஒரு கோப்பைக் கொடுத்தார்களாம். அது யாருடையது என்று அவனுக்குத் தெரியாது.

இதைக் கேட்ட வழக்கறிஞர், கரு திருடப்பட்டது என்று மட்டும் சொன்னால் நிற்காது என்றார். கருவுக்குக் காப்புரிமை இல்லை, அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-இலேயே சொல்லிவிட்டது. என்னுடையது கரு இல்லை, வரிக்கு வரி வசனம். காப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், இதை எழுதியவன் நான் என்று சொல்லும் உரிமை என்னிடம்தான் இருக்கும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, படத்தில் சேர்ந்த எழுத்துக்குத் திரையரங்குக்கு வெளியே கிடைக்கும் ராயல்டியில் உள்ள பங்கை எழுத்தாளர் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்கவும் முடியாது. ஒப்பந்தத்தில் ‘சகல உரிமைகளும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் சரி. ஆனால் எழுதியது நான் என்று காட்ட என்னிடம் என்ன இருந்தது? அவசரத்துக்குத் தளத்தில் கையால் எழுதிக் கொடுத்த தாள்கள்தான் பாதி. நல்ல வேளையாக, பாட்டியின் வாக்கியம் இருந்த காட்சியை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். இரவு 2.40 மணி என்று அதில் நேரம் இருந்தது. எவ்வளவு தூக்கம் வந்தாலும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் படுங்கள்.

இன்னொரு பள்ளம், நான் தாமதமாகத்தான் பார்த்தேன். கொடுத்த பணத்திலும் 10 சதவீதம் வரிப் பிடித்தம் செய்துதான் கொடுத்தார்கள். 81 எபிசோடுக்கு ரூ.24,300. கணக்குத் தாக்கல் செய்ய உட்கார்ந்து நம் பெயரில் அரசுக்குக் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால், என் பெயரில் கட்டியிருந்தது ரூ.8,100. மீதி ரூ.16,200 என்னிடமிருந்து பிடிக்கப்பட்டது, அரசுக்குப் போகவில்லை. பிடித்தவர் கட்டாததற்காக உங்களிடம் அதே வரியை மறுபடி கேட்கக் கூடாது என்றுதான் சட்டம் இருக்கிறது. அதை வருமான வரி அலுவலகத்துக்குப் புரிய வைக்க பட்டுவாடா ரசீதுகள் வேண்டும். என்னிடம் ஐந்து இருந்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் படிவத்தைத் திறந்து பார்த்திருந்தால் வேலையில் இருக்கும்போதே கேட்டிருப்பேன்.

எழுத்தாளர் சங்கம் நிறுவனத்தை அழைத்துப் பேசியது. அதற்கு முன் ஒரு வருடச் சந்தா பாக்கியை நான் கட்ட வேண்டியிருந்தது. அது என் தப்பு. இரண்டு முறை உட்கார்ந்து பேசிய பிறகு ரூ.70,000 வந்தது. ஒளிபரப்பாகாத 24-க்கு எதுவும் இல்லை என்பதில் அவர்கள் அசையவில்லை. ஒளிபரப்பான 38-க்கான ரூ.1,14,000-இல் ரூ.44,000 இன்னும் நிற்கிறது. இந்தப் பேச்சுவார்த்தைக்கு நடுவில்தான் ஒரு நண்பர் சொன்னார்: மத்திய அரசின் உத்யம் தளத்தில் கட்டணம் இல்லாமல் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொண்ட சேவையாளருக்கு, குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும், தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. ‘சேனலிடமிருந்து கிடைத்த பிறகு’ என்ற வரி இந்த 45 நாளை நீட்டாது. ஆனால் வேலையை ஒப்படைப்பதற்கு முன்னாலேயே பதிவு இருப்பதுதான் பாதுகாப்பு. நான் பதிவு செய்தது பணம் நின்ற பிறகு.

போன வாரம் அதே நிர்வாகி அழைத்தார். இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறாராம். புதுத் தொடர், எபிசோடுக்கு ரூ.4,000. “அண்ணா, இது பழைய இடம் மாதிரி இல்லை” என்றார். ஒப்பந்தம் வந்தது. மூன்றாம் பக்கத்தில் அதே சொல். அதை அடித்து ‘ஒப்படைத்த’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். இன்றோடு ஆறு நாள். அவர் போனை எடுக்கவில்லை.